கடல் வாணிகமும் காப்பு நெறியும்

வாணிகம் என்பது பண்டத்தைக் கொடுத்துப் பொருளைப் பெறும் செயல் மட்டுமன்று. விற்பவன் கையினின்று புறப்பட்ட பண்டம் வாங்குபவன் கையைச் சேரும் வரையில் உள்ள வழி முழுவதையும் காப்பதும் வாணிகமே ஆகும். அண்டை ஊர்ச் சந்தைக்குச் செல்லும் பொதிக்கு ஒரு பகற்பொழுதே வழி. கடல் கடந்து செல்லும் பொதிக்கோ பல திங்கள் வழி. அவ்வழியில் காற்று மாறலாம், கலம் கவிழலாம், கள்வர் மறிக்கலாம், வாங்குவோன் சொன்ன சொல் தவறலாம், ஒரு நாட்டின் அரசு திடீரெனச் சுங்கத்தை உயர்த்திவிடலாம். இத்துணை இடர்கள் இருந்தும் மக்கள் பழங்காலந்தொட்டே தொலைநாடுகளோடு வாணிகம் செய்து வந்துள்ளனர். அஃது எங்ஙனம் இயன்றது? துணிவு ஒன்றினால் மட்டும் இயன்றதா? இவ்வினாவிற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து மண்ணிலிருந்தே நம் தேடலைத் தொடங்கலாம்.

கண்மாய்களும் குன்றுகளும் செம்மண் மேடுகளும் நிறைந்தது இம்மாவட்டம். கிழக்கே ஒரு சிறு பகுதியே கடலைத் தொடுகின்றது. ஏனைய பகுதி உள்நாடாகும். கடலுக்கும் இந்நிலத்திற்கும் பெருந்தொடர்பு இருந்திராது என்றே பார்ப்பவர் எண்ணுவர். ஆனால், 1898ஆம் ஆண்டில் ஆலங்குடிப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சி என்னும் சிற்றூரில் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் ஏறத்தாழ 500 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் காலம் முதல் கி.பி. 79இல் மறைந்த வெஸ்பாசியன் காலம் வரையில் ஆண்ட பேரரசர்களின் உருவங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. மேலைக் கடலுக்கு அப்பாலுள்ள நாட்டின் பொன் கிழக்குக் கரையை அடுத்த ஒரு சிற்றூரின் மண்ணுக்குள் இருந்தது என்றால், அக்காலத்து வாணிக வழிகள் எத்துணை நீண்டிருத்தல் வேண்டும்!

அக்காசுகளில் மற்றொரு புதுமையும் காணப்பட்டது. பெரும்பாலானவற்றில் அரசனுடைய தலையின் குறுக்கே உளிகொண்டு வெட்டிய கீறல் ஒன்று இருந்தது. காசினுள் இருப்பது நற்பொன்தானா என்று அறிய வெட்டினர் என்பர் சிலர். அது மீண்டும் நாணயமாகச் செலாவணி ஆகாதவாறு வெட்டினர் என்பர் வேறு சிலர். எதுவாயினும் ஓர் உண்மை தெளிவு. அயல்நாட்டு அரசன் முகத்தைக் கண்ட அளவிலேயே நம் முன்னோர் ஏமாந்துவிடவில்லை; கைக்கு வந்ததைத் தம் முறைப்படி நடத்திய பின்னரே வைத்துக்கொண்டனர். முகமறியாதாரோடு செய்யும் வாணிகத்திற்கு எச்சரிக்கையே முதற்காப்பு ஆகும்.

அப்பொன் இங்கு வந்த வழியை நோக்குவோம். எகிப்து நாட்டுச் செங்கடல் துறைமுகங்களினின்று கலங்கள் சூலைத் திங்களை ஒட்டிப் புறப்படும். தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை இந்தியக் கரைக்கு உந்திச் செலுத்தும். மிளகும் முத்தும் யானைக்கோடும் மெல்லிய ஆடைகளும் ஏற்றிக்கொண்டு, திசம்பர், சனவரித் திங்கள்களில் வடகிழக்குக் காற்றின் துணையால் அவை திரும்பும். அக்காற்றைத் தவறவிட்ட கலம் அடுத்த பருவம் வரையில் காத்துக் கிடக்க வேண்டுவதுதான். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சு நாணயத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி வருந்தி எழுதியுள்ளார். அத்துணைப் பெரும்பொருள், காற்றை நம்பிய பாய்மரக் கலங்களில் ஏறி இறங்கிற்று.

இவ்வளவு பொருளைத் தனி ஒருவன் தன் கையிருப்பைக் கொண்டே முதலீடு செய்தல் அரிது. ஆதலின் கடன் வாங்கினான். கடன் கொடுத்தவன் எதை நம்பிக் கொடுத்தான்? இதற்கு விடையாக எகிப்திய நாணல் தாள் ஒன்று கிடைத்துள்ளது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தாள் இன்று வியன்னா நகரில் உள்ளது. 1985ஆம் ஆண்டில் அறிஞர்கள் அதைப் படித்து வெளியிட்டனர். சேரநாட்டு முசிறியோடு செய்த வாணிகத்திற்கான கடன் ஒப்பந்தம் அதில் காணப்படுகின்றது. செங்கடற் கரையில் இறங்கும் சரக்கை ஒட்டகங்களின்மேல் ஏற்றிக் காவலோடு பாலைவனத்தைக் கடத்தல் வேண்டும். கோப்டோஸ் நகரில் பண்டகசாலையில் வைத்து முத்திரையிடல் வேண்டும். பின்னர் நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா நகருக்குக் கொண்டு சென்று அங்கும் முத்திரையிடல் வேண்டும். நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகச் செலுத்துதல் வேண்டும். குறித்த நாளில் கடன் தீராவிடின் ஈடாக வைத்த சரக்கின்மீது கடன் கொடுத்தவனுக்கு உரிமை உண்டு. இங்ஙனம் வழியின் ஒவ்வொரு படியும் எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. தாளின் பின்புறத்தில் ‘ஹெர்மப்பொல்லோன்’ என்னும் கலத்தில் வந்த சரக்கின் கணக்கு உள்ளது. அதன் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்சு என்று கணக்கிட்டுள்ளனர். இத்துணைப் பெரும்பொருளுக்குக் காவலாக நின்றது, ஒரு தாளில் எழுதிய சொல்லேயாகும்.

கடல்வழிக் கடனுக்குக் கிரேக்கரும் ரோமானியரும் கைக்கொண்ட மற்றொரு நெறியும் அறியத்தக்கது. கலம் நலமாகத் திரும்பினால் வாங்கியவன் மிகுந்த வட்டியோடு கடனைத் தீர்ப்பான். கலம் கடலில் மூழ்கிவிட்டாலோ, அவன் கடனைத் திருப்பித் தர வேண்டுவதில்லை. அஃதாவது கடலின் இடரைக் கடன் கொடுத்தவன் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டான். அதற்கு விலையாகவே மிகுந்த வட்டி பெற்றான். இக்காலத்துக் காப்பீட்டின் முளையை நாம் இங்கே காண்கின்றோம்.

கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஆகிய இருவர் பகிர்ந்த இடரைக் கலத்திலுள்ள அனைவரும் பகிர்ந்த முறையும் ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலிலுள்ள ரோட்ஸ் தீவின் பெயரால் அது வழங்கிற்று. புயலில் சிக்கிய கலத்தின் பாரத்தைக் குறைக்க ஒருவனுடைய மூட்டைகளைக் கடலில் எறிகின்றனர் என்று கொள்வோம். கலம் பிழைக்கின்றது, ஏனையோர் சரக்கும் பிழைக்கின்றது. இழப்பு அவ்வொருவனுக்கு மட்டுமே உரியதாதல் நீதியாகுமா? ஆகாது என்றது அந்நெறி. கலமும் சரக்குமாகச் சேர்ந்த மதிப்பு 10,000 பொன் என்றும், கடலில் எறிந்த மிளகின் மதிப்பு 1,000 பொன் என்றும் வைத்துக்கொள்வோம். இழப்பு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே, கலத்திற்கு உரியவன் உட்பட ஒவ்வொருவரும் தத்தம் பொருளில் பத்தில் ஒரு பங்கை இழப்பாக ஏற்றுக்கொள்வர். மிளகை முற்றும் இழந்தவனும் 100 பொன் அளவே இழப்பான். எஞ்சிய 900 பொன்னை மற்றவரிடமிருந்து பெறுவான். ஒருவனை அழித்துவிடக்கூடிய இழப்பு, பலர் தாங்கும் சிறு சுமையாக மாறிவிட்டது. கணக்கிலே பிறந்த அறம் இது.

இனி மீண்டும் புதுக்கோட்டைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியில் கொடும்பாளூர் உள்ளது. இருக்குவேளிர் என்னும் சிற்றரசர்க்குத் தலைநகராய் விளங்கிய ஊர் அது. அவர்கள் எடுப்பித்த மூவர் கோயில் இன்றும் அதன் பழம்பெருமையைப் பறைசாற்றுகின்றது. மதுரை செல்லும் வழி கொடும்பையில் மூன்றாகப் பிரிந்தது என்னும் செய்தி சிலப்பதிகாரத்தில் வருகின்றது. வழிகள் கூடும் இடத்தில் வணிகர் கூடுதல் இயல்பன்றோ? கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் கல்வெட்டுகளில் பேர் பெற்று விளங்கினர். ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்பது மற்றொரு பெருங்குழு. தமிழகத்தில் அப்பெயரைத் தாங்கிய மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று, இம்மாவட்டத்துத் திருமயம் பகுதியிலுள்ள முனிசந்தையில் கிடைத்துள்ளது. ஊரின் பெயரிலேயே சந்தை இருத்தல் காண்க.

இக்குழுவினர் பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்தனர். தனித்துச் செல்லும் வணிகனை வழிப்பறிக் கள்வரும் எளிதில் வெல்வர். அதிகாரிகளும் எளிதில் வருத்துவர். ஆதலால் அவர்கள் குழுவாகச் சென்றனர். வாளேந்திய வீரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டனர். அவ்வீரர் காத்த ஊர்கள் எறிவீரப்பட்டணம் என்று பெயர் பெற்றன. ஊர்தோறும் தங்கும் இடமும், பண்டங்களை வைக்கும் இடமும், வழக்கைத் தீர்க்கும் அவையும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. புதுக்கோட்டை எல்லையை அடுத்துள்ள பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. உப்பு, நெல், பருப்பு, பாக்கு, மிளகு, சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், பட்டு, சந்தனம், அகில், குதிரை, யானை எனப் பல பண்டங்கள் அதில் கூறப்பட்டுள்ளன. ஒவ்வொரு பொதிக்கும் ஒவ்வொரு சுமைக்கும் இவ்வளவு என வணிகர் தாமே கூடித் தீர்மானித்து, அவ்வூர்க் கோயிலுக்கு அளிக்க இசைந்தனர். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது முன்னரே கல்லில் நின்றமையால் பின்னர்ப் பூசலுக்கு இடமில்லாமற் போயிற்று.

கடலுக்கு அப்பாலும் அவர்கள் சுவடுகள் உள்ளன. இன்றைய தாய்லாந்து நாட்டின் தக்குவாபா என்னுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ‘அவனிநாரணம்’ என்னும் குளத்தை மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் காக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். காற்றை எதிர்நோக்கித் திங்கள் கணக்கில் அயல்நாட்டில் தங்குவோர்க்கு முதலில் வேண்டுவது நல்ல தண்ணீர். அதனை உணர்ந்து குளமும், குளத்திற்குக் காவலும் அமைத்த முன்னறிவு போற்றத்தக்கது. சுமத்திராத் தீவின் பாரூசு அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகின்றது. கலத்தில் வந்தோர் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பின்னரே உட்புகல் வேண்டும் என்னும் விதி அதில் உள்ளது.

வணிகர் தம்முள் எத்துணை ஒற்றுமையாக இருந்தாலும் அரசனுடைய ஆணை அறமற்றதாயின் வாணிகம் நிலைபெறாது. பழங்காலத்தில் கொடிய வழக்கம் ஒன்று பல கடற்கரைகளில் இருந்தது. புயலால் உடைந்து கரையொதுங்கிய கலத்தின் சரக்கு முழுவதையும் அந்நிலத்து அரசன் கைப்பற்றிக்கொள்வான். கடலுக்குத் தப்பியவன் கரையில் அழிவான்.

இவ்வழக்கத்திற்கு வரம்பிட்ட சாசனங்கள் இரண்டு உள்ளன. ஒன்று யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, அவ்வாணையைத் தமிழிலேயே பொறிப்பித்தான். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்குதல் வேண்டும்; அவர்கள் காக்கப்படுதல் வேண்டும்; யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கை மட்டும் அரசு கொண்டு, மூன்று பங்கை உடையவனிடம் விட்டுவிடல் வேண்டும்; பிற வாணிகக் கலம் உடைந்தால் சரிபாதியை அரசு கொண்டு, சரிபாதியை உடையவனிடம் விடல் வேண்டும் என்பன அதிற்கண்ட விதிகள். படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோர்க்கு இழப்புக் குறைவாக அமையும்படி விதித்தமை நோக்கத்தக்கது. ஒரு நாடு எப்பண்டத்தை விரும்பி அழைக்கின்றது என்பதை அதன் சுங்க விதிகளைக் கொண்டே அறியலாம்.

மற்றொன்று ஆந்திர நாட்டுக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்னும் துறைமுகத்தில் உள்ளது. ஓரங்கல்லினின்று ஆண்ட காகதீய மன்னன் கணபதி, 1244ஆம் ஆண்டளவில் அதனை வெளியிட்டான். அஃது அஞ்சேல் என்று வணிகர்க்கு அளித்த உறுதிமொழியாகும். முன்னைய அரசர்கள் உடைந்த கலங்களின் பொன்னையும் மணியையும் யானை குதிரைகளையும் வலிந்து கவர்ந்தனர் என்றும், உயிரினும் பொருளைப் பெரிதாக எண்ணிக் கடலேறி வந்தவர்பால் இரக்கங்கொண்டு, உரிய சுங்கம் நீங்கலாக அனைத்தையும் அவர்களுக்கே விட்டுவிடுவதாகவும் அம்மன்னன் அறிவித்தான். சுங்கமும் முப்பதில் ஒரு பங்கு என வரையறுக்கப்பட்டது. இஃது இரக்கம் மட்டுமன்று, அரசியல் அறிவுமாகும். உடைந்த கலம் ஒன்றைக் கொள்ளையிட்டால் ஒருநாள் பொருள் கிட்டும். அச்செய்தி பரவிய பின்னர் அத்துறைக்கு எக்கலம் வரும்? கைவிட்ட கொள்ளையைக் காட்டிலும் ஈட்டிய நம்பிக்கை பெரும்பயன் தரும் என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான்.

காலம் மாறியுள்ளது. பாய்மரம் மறைந்து பொறிக்கப்பல் வந்தது. மூட்டைகள் இரும்புப் பெட்டகங்களுக்குள் புகுந்தன. ஆயினும் இடர் மறையவில்லை. 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனா நோய் உலகெங்கும் ஆலைகளையும் துறைமுகங்களையும் முடக்கிற்று. 2021 மார்ச்சு 23ஆம் நாள், 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் சூயசுக் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. ஆறு நாள் அக்கால்வாய் அடைபட்டது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருபுறமும் காத்து நின்றன. கப்பலை மீட்ட செலவை ஈடுசெய்ய அதன் உரிமையாளர் எந்நெறியை நாடினர் தெரியுமா? கலத்தைக் காத்த செலவைக் கலத்திலுள்ள சரக்குக்கு உரியோர் அனைவரும் பகிர்ந்து ஏற்கும் அந்தப் பழைய ரோட்ஸ் தீவு நெறியையே நாடினர்! ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்தும் அந்நெறி உயிரோடு இருக்கின்றது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஏமன் நாட்டு ஹவுதிப் படையினர் கப்பல்களைத் தாக்கினர். அதனால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயண நாள்களும் காப்பீட்டுக் கட்டணமும் உயர்ந்தன. முசிறிச் சரக்கு சென்ற அதே செங்கடல் வழிதான் அது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

விதிமாற்றமும் இடரேயாகும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பண்டங்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு சுங்கம் விதித்தது. ஒரே நாட்டை நம்பி ஆடை தைத்த திருப்பூர்த் தொழிலாளரும், இறால் வளர்த்த கடற்கரை மக்களும் கலங்கினர். பல நாடுகளில் சந்தை தேடி வைத்தவர்க்கு அத்தாக்கு அவ்வளவு கடுமையாக இராது. ஆகவே விற்கும் இடமும் வாங்கும் இடமும் ஒன்றாகவே இருத்தல் ஆகாது. இருப்பில் சிறிது எப்போதும் வைத்திருத்தல் வேண்டும். சரக்கைக் காப்பீடு செய்தல் வேண்டும். சரக்குச் சீட்டும், விலைப்பட்டியும், பண்டம் விளைந்த நாட்டைக் காட்டும் சான்றும் பிழையற இருத்தல் வேண்டும். அயல்நாட்டு விதிகளைப் புறப்படுமுன் அறிதல் வேண்டும். இவை இக்கால வணிகர் கொள்ளவேண்டிய காப்புகள்.

இடர் கடலிலேதான் பிறக்கும் என்று எண்ணுதல் தவறு. பண்டம் விளையும் இடத்திலும் அது பிறக்கும். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த கசாப் புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைச் சூறையாடிற்று. கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தேங்காயும் தென்னை நாரும் வெளியூர்க்கும் வெளிநாட்டிற்கும் செல்லும் பண்டங்கள். தொலைவில் அவற்றை வாங்குவோன் வேறிடத்தில் வாங்கிக்கொள்வான். இடைநின்ற வணிகன் வேறு சரக்கைத் தேடிக்கொள்வான். ஆனால், நட்ட தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரையில் உழவன் என் செய்வான்? நீண்ட சங்கிலியின் முதற்கண்ணியாகிய அவன்மேல் மட்டும் இழப்பு முழுவதும் விழுதல் நீதியன்று. மிளகு மூட்டையை இழந்த வணிகனுக்குக் கலத்தார் அனைவரும் பங்கு கொடுத்ததுபோல, உழவனுக்கும் காப்பீட்டின் வாயிலாகவும், கூட்டுறவின் வாயிலாகவும், அரசின் வாயிலாகவும் பங்கு கிடைத்தல் வேண்டும். அவன் மீண்டும் எழுந்தாலன்றோ பண்டம் மீண்டும் புறப்படும்?

இதுகாறும் கண்டவற்றால் நாம் அறிவது யாது? தொலைநாட்டு வாணிகத்தைத் துணிவு தொடங்கி வைக்கின்றது. நெறியே அதனை நிலைநிறுத்துகின்றது. இடரை முற்றும் ஒழித்தல் மனிதனால் இயலாது, பகிர்ந்துகொள்ளுதல் இயலும். இருவர் பகிர்ந்தால் அது கடன் நெறி. கலத்தார் பகிர்ந்தால் அது கடல் நெறி. குழுவார் பகிர்ந்தால் அது வணிக நெறி. தனக்குக் கிட்டும் கொள்ளையை அரசனே கைவிட்டால் அது செங்கோல் நெறி. இவற்றுள் எது தவறினும் வழி அறுபடும். ஒரு நாட்டின் வாணிகச் சிறப்பை அறிய அதன் துறையில் நிற்கும் கலங்களை எண்ணினால் மட்டும் போதாது. அங்குக் கலம் உடைந்த ஒருவனுக்கு என்ன எஞ்சுகின்றது என்றும் கேட்டறிதல் வேண்டும்.